சருமப் பொலிவுக்குக் காளான் மாத்திரை: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

முகம் பொலிவாக இருக்கட்டும் என்று ரெய்ஷி, டிரெமெல்லா, சாகா என ஏதோ ஒரு காளான் மாத்திரையோ பொடியோ வாங்க யோசிக்கிறீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்கான கட்டுரை. நான் வாங்கக் கிளம்பியபோது கண்ணில் பட்டதெல்லாம் விற்பனைப் பேச்சுதான். டப்பாவில் எதைப் பார்ப்பது, எந்த மருந்தோடு சேராது, விற்பவரிடம் எந்தக் காகிதத்தைக் கேட்பது, எத்தனை வாரம் பொறுப்பது என்று சொல்ல ஆள் இல்லை. மருத்துவரிடமும் விற்பனையாளர்களிடமும் கேட்டுக் கேட்டு, ஆய்வுக்கூட அறிக்கைகளைப் படிக்கவும் பழகி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். காளான் மாத்திரை சாப்பிட்டால் சருமம் பொலிவு பெறும் என்பதற்கு மனிதர்களை வைத்து நடத்திய வலுவான ஆய்வுகள் இல்லை. இருப்பவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துச் செல்களிலும் எலிகளிலும் நடந்தவை. அதனால் இதை ஒரு துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம், வெயில் காப்பு, சாப்பாடு ஆகியவற்றின் இடத்தை இது பிடிக்காது. இரண்டாவது, பொலிவு வேறு, வெள்ளை நிறம் வேறு. நிறத்தை வெளுக்கச் செய்யும் என்று ஒருவர் காளான் விற்றால், மேற்கொண்டு பேச வேண்டாம். நம் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை.

1. உங்கள் சருமத்துக்கு என்ன பிரச்சினை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"முகம் களையில்லாமல் இருக்கிறது" என்று நாம் சொல்வதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கும். இரத்தச்சோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, தூக்கமின்மை, நாள் முழுக்க வெயிலில் இருசக்கர வாகனம் ஓட்டுவது என எதுவாகவும் இருக்கலாம். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால் அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். எந்தக் காளானும் அதைச் சரி செய்யாது. கன்னத்தில் மங்கு இருந்தால் முதல் மருந்து சன்ஸ்கிரீன்தான்.

எனவே முதல் செலவு இரத்தப் பரிசோதனைக்காக இருக்கட்டும். சி.பி.சி. (இரத்த அணுக்கள்), ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரை) ஆகிய நான்கும் காரணத்தைத் தேட உதவும். கல்லீரலுக்கான எல்.எஃப்.டி., சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் இரண்டையும் கூடவே எடுத்துவிடுங்கள். பின்னால் மாத்திரையால் ஏதாவது கோளாறு வந்ததா என்று ஒப்பிட, தொடங்கும் முன் எடுத்த அறிக்கை கையில் வேண்டும். தனியார் ஆய்வுக்கூடத்தில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,500 முதல் 2,500 ரூபாய் ஆகும். தனித்தனியாக எழுதிக் கொடுப்பதைவிட 'பேக்கேஜ்' விலை எவ்வளவு என்று கேட்டால் குறையும். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு புறநோயாளிச் சீட்டு இலவசம். காலையில் சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான். ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

முகத்தில் ஏதாவது கிரீம் பூசிக்கொண்டிருந்தால் அந்த டியூபையும் எடுத்துப் போங்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் ரோமமும் வரும். அந்த நிலையில் மேலே காளான் மாத்திரை சேர்ப்பதில் பொருளில்லை. கிரீமை எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஃபெரிட்டின் குறைவு என்று வந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிட்டு இரும்புச்சத்தைப் பாருங்கள். அதற்கான மாத்திரை மாதம் 100, 200 ரூபாய்க்குள் முடியும்.

2. நீங்கள் சாப்பிடலாமா கூடாதா

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். விளம்பரங்களில் "இயற்கையானது, பக்க விளைவு இல்லை" என்று எழுதியிருப்பார்கள். காளான் இயற்கையானதுதான். இரத்தத்தை நீர்க்கச் செய்வதும் அதே இயற்கைதான்.

வார்ஃபரின், அசிட்ரோம், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகள் சாப்பிடுபவர்கள் ரெய்ஷியைத் தொடக் கூடாது. இரத்தக்கசிவு கூடலாம். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ இருந்தால் குறைந்தது 2 வாரம் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அளவு மேலும் இறங்கலாம் என்பதால் கேட்காமல் தொடங்கக் கூடாது.

சரும நோய்க்காகவே மருந்து சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறீர்கள், சோரியாசிசுக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறீர்கள் என்றால், இரண்டுமே கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டே தரப்படும் மருந்துகள். ரெய்ஷிப் பொடி சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக ஹாங்காங்கிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு எல்.எஃப்.டி. ஏறினால், எதனால் ஏறியது என்று மருத்துவரால் சொல்ல முடியாது. தேவையான மருந்தைக்கூட நிறுத்த வேண்டி வரும். காசநோய் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இதேதான்.

லூபஸ், சோரியாசிஸ், வெண்புள்ளி, பெம்ஃபிகஸ், புழுவெட்டு போன்றவை உடலின் எதிர்ப்பாற்றலே தன் உடலைத் தாக்குவதால் வருபவை. 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று டப்பாவில் எழுதியிருப்பது இவர்களுக்கு நல்ல செய்தி அல்ல, அடங்கிக் கிடப்பதைக் கிளப்பிவிடலாம். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், காளானோ பூஞ்சையோ ஒத்துக்கொள்ளாதவர்கள் யாருக்கும் இது வேண்டாம்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் சாகாவை அடியோடு விட்டுவிடுங்கள். அதில் ஆக்சலேட் மிக அதிகம். கல்லீரல் புற்றுநோய்க்காக ஆறு மாதம் நாள்தோறும் நான்கைந்து தேக்கரண்டி சாகாப் பொடி சாப்பிட்ட 72 வயது ஜப்பானியப் பெண்ணின் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போனது 2014-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

3. ஒரே ஒரு காளானைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் '10 காளான் ஒரே மாத்திரையில்' என்று வரும் கலவைகளைத் தவிருங்கள். ஒரு மாத்திரை 500 மில்லிகிராம் என்றால் ஒவ்வொன்றும் 50 மில்லிகிராம்தான் இருக்கும். பயன் தர அது போதாது. அரிப்பு வந்தாலோ, எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

சருமத்துக்கென்று விற்கப்படுபவற்றில் முதலிடம் டிரெமெல்லாவுக்கு. வெள்ளையாக, பூப்பந்து போல இருக்கும். அதிலுள்ள பாலிசாக்கரைடு (நீண்ட சர்க்கரைச் சங்கிலியாலான பொருள்) நீரை நன்றாகப் பிடித்து வைக்கும், அதனால்தான் முகப்பூச்சுப் பொருள்களிலும் சேர்க்கிறார்கள். ஆனால் மேலே பூசினால் ஈரம் காப்பது வேறு, சாப்பிட்டால் வயிற்றைக் கடந்து முகத்துக்குப் போய் வேலை செய்வது வேறு. முன்னதை வைத்துப் பின்னதை விற்கிறார்கள். இருந்தாலும் இது உணவாகவே சீனர்கள் சமைத்துச் சாப்பிடும் காளான். இருக்கிற எல்லாவற்றிலும் ஆபத்து குறைந்தது இதுதான் என்பது என் கருத்து. முதல் தடவை வாங்குபவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்.

ரெய்ஷி கசக்கும். அந்தக் கசப்பு டிரைடெர்பீன் என்ற சேர்மங்களால் வருவது. கசக்காத, இனிக்கிற ரெய்ஷிப் பொடி என்றால் அதில் ரெய்ஷி குறைவு, வேறு ஏதோ அதிகம். மேலே சொன்ன மருந்துகள் எதுவும் இல்லாத, கல்லீரல் நன்றாக இருக்கிற பெரியவர்கள் மட்டும் இதை யோசிக்கலாம்.

கார்டிசெப்சைச் சருமத்துக்காக வாங்குவது வீண். விலையும் அதிகம். சாகா பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஷிடேக்கை நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் சிலருக்கு ஓரிரு நாளில் உடம்பெல்லாம் சாட்டையால் அடித்தது போல நீள நீளமாகச் சிவந்த தடிப்பு வரும். சருமம் பொலிவு பெற வேண்டும் என்று பச்சை ஷிடேக் பொடியை ஸ்மூத்தியில் கலப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தென்னை மரத்து அடித்தண்டில் பளபளவென்று தட்டுத் தட்டாக வளரும் காளானைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர் வாடல் நோய் என்று விவசாயிகள் சொல்வது அந்தக் கேனோடெர்மா பூஞ்சையால்தான் வருகிறது. ரெய்ஷியும் கேனோடெர்மா குடும்பம் என்பதால் "தோப்பிலேயே இருக்கிறதே, காயவைத்துப் பொடித்துவிடலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். அந்தக் குடும்பத்தில் பல இனங்கள் இருக்கின்றன, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. தோப்பில் அடித்த பூச்சிமருந்தும் பூஞ்சைக்கொல்லியும் அதில் ஏறியிருக்கும்.

மாத்திரைக்குப் பணம் கட்ட மனம் வராதவர்களுக்கு, சந்தையில் கிடைக்கும் சிப்பிக்காளான் இருக்கிறது. எர்கோதயோனின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளை நம் உடல் தானாகச் செய்துகொள்ளாது, உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். சிப்பிக்காளானில் அது நிறைய இருக்கிறது. 200 கிராம் பொட்டலம் 50 ரூபாய் பக்கத்தில் கிடைக்கும். வாரம் இரண்டு நாள் மிளகு போட்டு வதக்கிச் சாப்பிடுங்கள். எனக்கு மாத்திரையைவிட இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

4. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம். பின்பக்கம்தான் நமக்கு வேண்டியது. இணையத்தில் வாங்கினால் பின்பக்கப் படம் தெளிவாகப் போடாத பொருளை வாங்காதீர்கள்.

முதலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண். 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு மட்டும். சத்து மாத்திரை தயாரிப்பவருக்கு வெறும் பதிவு போதாது. எண்ணை அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) உரிமத் தளத்தில் போட்டுப் பார்த்தால் நிறுவனத்தின் பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை, காசு கிடையாது. டப்பாவில் இருக்கும் பெயரும் தளத்தில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் வேறொருவர் தயாரித்ததை வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்கின்றன. அது சட்டப்படி சரிதான், ஆனால் தயாரித்தவர் பெயரும் அவருடைய உரிம எண்ணும் டப்பாவில் இருக்க வேண்டும்.

இந்த எண் இருப்பதாலேயே பொருள் பலன் தரும் என்று அரசு சொல்லிவிட்டதாக ஆகாது. உணவு தயாரிக்க அனுமதி உண்டு என்பது மட்டும்தான் அதன் பொருள். 'எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகரித்த சரும மருந்து' என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார். சத்து மாத்திரை எந்த நோயையும் குணமாக்கும் என்று சொல்லி விற்க விதியில் இடமில்லை. 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்ற வாசகம் டப்பாவில் இருக்க வேண்டும், தேடிப் பாருங்கள்.

மலேசியாவில் இருப்பவர்கள் டப்பாவில் எம்.ஏ.எல். எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்து என்றால் கடைசியில் 'T' எழுத்து வரும். அதை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

அடுத்து, காளானின் எந்தப் பகுதி என்பது. 'ஃப்ரூட்டிங் பாடி' என்றிருந்தால் நாம் கண்ணால் பார்க்கும் காளானிலிருந்து எடுத்தது. 'மைசீலியம்' என்றிருந்தால் வேர் போலப் பரவும் இழைகளிலிருந்து எடுத்தது. இந்த இழைகளை அரிசி, ஓட்ஸ் போன்ற தானியத்தின் மேல் வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்து விற்பதும் உண்டு. அப்போது நீங்கள் காசு கொடுத்து வாங்குவதில் பாதிக்கு மேல் மாவாக இருக்கலாம். இரண்டில் எதுவுமே எழுதாமல் 'மஷ்ரூம் பவுடர்' என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

'10:1 சாறு' என்ற எண்ணில் மயங்காதீர்கள். 10 கிலோ காளானிலிருந்து 1 கிலோ எடுத்தார்கள் என்பதுதான் அது. அந்த 1 கிலோவில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. பார்க்க வேண்டியது, காளானில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து எத்தனை சதவீதம் என்பது. 'பாலிசாக்கரைடு 50 சதவீதம்' என்று எழுதுவது இன்னொரு கண்ணி. மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான், அரிசி மாவைக் கலந்தாலும் அந்த எண் ஏறும். ரெய்ஷிச் சாறு என்றால் பீட்டா குளுக்கன் 20 சதவீதத்துக்கு மேல் என்று தெளிவாக எழுதியிருப்பதைத் தேடுங்கள். வெறும் பொடியைவிட வெந்நீரில் எடுத்த சாறு நல்லது. காளானின் செல்சுவரில் கைட்டின் என்ற கடினமான பொருள் இருக்கிறது, நம் வயிறு அதை எளிதில் உடைக்காது.

டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே நம்பவும் கூடாது. அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷிப் பொருள்களைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 5 மட்டுமே டப்பாவில் சொன்னபடி இருந்தன. அதனால்தான் அடுத்த படி.

5. ஆய்வுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்

சி.ஓ.ஏ. என்று சொல்வார்கள். ஒரு குறிப்பிட்ட தொகுதியில் (பேட்ச்) தயாரான பொருளை ஆய்வுக்கூடம் சோதித்துக் கொடுத்த அறிக்கை அது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டும், கட்டிய பின் கேட்டால் பதில் வராது. விற்பவரின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸாப்புக்கோ இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். உங்கள் டிரெமெல்லா மாத்திரை வாங்க விரும்புகிறேன். இப்போது அனுப்பும் டப்பாவின் தொகுதி எண் என்ன? அந்தத் தொகுதிக்கான ஆய்வுச் சான்றை அனுப்புங்கள். பீட்டா குளுக்கன் அளவு, ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம், நுண்ணுயிர்ச் சோதனை முடிவுகள் அதில் இருக்க வேண்டும்."

நல்ல நிறுவனம் என்றால் இரண்டு மூன்று வேலை நாளில் பி.டி.எஃப். வரும். "எங்கள் பொருள் நூறு சதவீதம் சுத்தம், சான்று தேவையில்லை" என்று ஒரு விற்பனையாளர் எனக்குப் பதில் அனுப்பினார். இன்னொருவர் நிறுவன ரகசியம் என்றார். ஈயம் எவ்வளவு இருக்கிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இப்படிப் பதில் வந்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போங்கள்.

சான்று வந்ததும் பார்க்க வேண்டிய முதல் விஷயம் தொகுதி எண். டப்பாவில் இருப்பதும் சான்றில் இருப்பதும் ஒன்றா? மூன்று வருடத்துக்கு முந்தைய சான்றையே எல்லோருக்கும் அனுப்பும் பழக்கம் இருக்கிறது. அப்புறம், சோதித்தது யார் என்று பாருங்கள். நிறுவனமே தன் பொருளைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் மதிப்பு குறைவு. என்.ஏ.பி.எல். (ஆய்வுக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) முத்திரையும் சான்றிதழ் எண்ணும் உள்ள வெளி ஆய்வுக்கூடமாக இருந்தால் நல்லது. அந்த எண்ணை என்.ஏ.பி.எல். தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

எனக்கு வந்த ஒரு சான்றில் ஈரப்பதம், நிறம், மணம், புரதம் ஆகியவை மட்டும் இருந்தன. பார்க்கப் பெரிய அறிக்கை போல இருக்கும், நமக்கு வேண்டியது ஒன்றும் அதில் இருக்காது. காளான் தான் வளரும் மண்ணிலும் மரத்திலும் இருக்கும் கன உலோகங்களை உறிஞ்சித் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். அந்த நான்கு உலோகங்களின் அளவும், அனுமதிக்கப்பட்ட வரம்பும் பக்கத்துப் பக்கத்தில் இல்லாத சான்று எனக்குச் சான்றே இல்லை.

பொடியை வீட்டிலேயே ஒருமுறை சோதிக்கலாம். ஒரு சிட்டிகைப் பொடியை வெந்நீரில் கலக்கி ஆறவிட்டு, நிறம் வெளிறும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது. மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் பொடி கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும், அதனால் நிறம் மாறவில்லை என்பதற்காகச் சான்று கேட்பதை விடாதீர்கள்.

6. செலவு

சுமாராக, 60 மாத்திரை உள்ள ரெய்ஷி டப்பா 600 முதல் 1,500 ரூபாய் வரை விற்கிறது. டிரெமெல்லாப் பொடி அதைவிடக் கூடுதல். முழுதாகக் காயவைத்த டிரெமெல்லாவை வாங்கிச் சமைத்தால் செலவு வெகுவாகக் குறையும். டப்பாவின் விலையைப் பார்க்காமல் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். 60 மாத்திரை, ஒரு நாளைக்கு 4 என்றால் 15 நாளில் தீர்ந்துவிடும், அப்போது மாதத்துக்கு இரண்டு டப்பா.

முதல் தடவை ஒரே ஒரு டப்பா வாங்குங்கள். 'மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்' வேண்டாம். ஒத்துக்கொள்ளாமல் போனால் பிரித்த டப்பாவை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் 'சப்ஸ்கிரிப்ஷன்' குறியை எடுத்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஆள் சேர்க்கும் சங்கிலி விற்பனையில் உறவினர் மூலம் வந்தால் மறுப்பது கடினம், தெரியும். அவரிடமும் தொகுதி எண்ணோடு சான்று கேளுங்கள். ரசீது கொடுக்காமல் கையில் தரும் டப்பாவை வாங்கவே வாங்காதீர்கள்.

ரசீது, சான்று, டப்பாவின் நான்கு பக்கப் படம் மூன்றையும் கைபேசியில் ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள்.

7. தொடங்குவதும் 12 வாரக் கணக்கும்

சருமத்தின் மேலடுக்கு முழுதாகப் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய 4 வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் கூடும். அதனால் ஒரு வாரத்தில் முகம் மின்னியது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 12 வாரம் என்பது நியாயமான கெடு. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இதைத் தொடங்குவதும் வேண்டாம். பலன் தெரியாது, தடிப்பு வந்தால் கல்யாணத்தன்று முகத்தில் இருக்கும்.

முதல் வாரம் டப்பாவில் சொன்ன அளவில் பாதி, காலையில் சாப்பாட்டுக்குப் பின். வயிற்றுக் கோளாறு, வாய் உலர்வு, அரிப்பு, மூக்கில் இரத்தம் எதுவும் இல்லை என்றால் இரண்டாம் வாரத்திலிருந்து முழு அளவு. அதற்கு மேல் ஒருபோதும் கூட்டாதீர்கள். இந்த 12 வாரத்தில் புதிதாக வேறு கிரீம், சீரம், கொலாஜன் எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஆயுசுக்கும் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே சன்னல், ஒரே நேரம், முகம் கழுவிய பின், ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். கைபேசியின் முகம் மெருகேற்றும் வசதியை அணைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல கைபேசிகளில் அது தானாகவே போட்டிருக்கும்.

ரெய்ஷி என்றால் 6-ஆம் வாரம் எல்.எஃப்.டி. மறுபடி எடுங்கள், 300 முதல் 700 ரூபாய். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது, கண் மஞ்சளாவது, உடம்பெல்லாம் அரிப்பு, காரணமில்லாத சோர்வு, பசியின்மை இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். "நச்சு வெளியேறுகிறது, தொடர்ந்து சாப்பிடுங்கள்" என்று விற்பவர் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டுத் தொடர்ந்தால் கல்லீரல்தான் போகும்.

12-ஆம் வாரம் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் உங்களைத் தினமும் பார்க்காத ஒருவரிடம் தேதி சொல்லாமல் காட்டிக் கேளுங்கள். வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல சன்ஸ்கிரீன் வரும்.

8. டிரெமெல்லாவைச் சமைத்துச் சாப்பிடுபவர்களுக்கு

வெளிர் மஞ்சளாக இருப்பதை வாங்குங்கள். பளீர் வெள்ளையாக, முகர்ந்தால் நெடி அடித்தால் கந்தகப் புகை போட்டு வெளுத்திருக்கிறார்கள். தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அடியில் இருக்கும் மஞ்சள் நிறக் கெட்டிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, சிறிய துண்டுகளாக்கிச் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிட்டால் கொழகொழவென்று வரும். பேரீச்சையும் கொஞ்சம் கற்கண்டும் போதும்.

ஊறவைத்ததை இரவு முழுக்க விடக் கூடாது. நம் ஊர் வெப்பத்துக்கு இது மிக முக்கியம். ஊறிய காளானை வெகுநேரம் வெளியே வைத்தால் ஒருவகை பாக்டீரியா வளர்ந்து பாங்க்ரெகிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கலாம். சீனாவில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஊறவைத்து அன்றே சமைத்து முடியுங்கள். ஊறியது பிசுபிசுத்தாலோ வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

9. ஏமாற்றப்பட்டால்

முதலில் விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதற்கு ஆதாரம் இருக்காது. சரியான பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது எண், தொகுதி எண், நீங்கள் அனுப்பிய செய்திகளின் படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு அழையுங்கள். பொருளின் தரம் பற்றிய புகார் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலும் பதியலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கக் கொடுக்கலாம். சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அதனால் அதையும் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். பொருள் சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். இதற்குப் பிரிக்காத டப்பா வேண்டும் என்பதால், சந்தேகம் வந்தவுடன் அதே தொகுதி எண்ணில் இன்னொரு டப்பாவை ரசீதோடு வாங்கி, முத்திரை உடையாமல் எடுத்துப் போங்கள்.